எழுத்து மாறினால் புலி புளியாகும்: பிள்ளைகளுக்கு ஏஆர் வழியே எழுத்துக்கூட்டல்

சின்னப் பிள்ளைகளுக்கான ஏஆர் அட்டைகளைப் பொம்மைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். 'யானை' என்று அச்சிட்ட அட்டைக்கு நேரே கைப்பேசியைப் பிடித்தால், திரையில் அந்த அட்டையின் மேல் ஒரு யானை எழுந்து நின்று தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறும். பிள்ளை கைதட்டும். நாமும் மகிழ்ந்து வாங்கி வந்துவிடுவோம். ஒரு மாதம் கழித்து வெற்றுத்தாளைக் கொடுத்து 'யானை' எழுதச் சொன்னால், யா-வை எழுதிவிட்டு அந்தப் பிள்ளை விழித்துக்கொண்டு நிற்கும். கருவியில் கோளாறு ஒன்றும் இல்லை. அந்த அட்டை பிள்ளையை எழுத்துக் கூட்டச் சொல்லவே இல்லை. கேமராவைக் காட்டச் சொன்னது, பிள்ளையும் காட்டியது.

ஏஆர் வைத்து எழுத்துக்கூட்டல் சொல்லித்தர முடியுமா என்று கேட்கும் பெற்றோருக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். முடியும். ஆனால் அந்த வேலையைச் செய்வது திரையில் எழும் யானை அல்ல, எழுத்துகளை எடுத்து அடுக்கும் பிள்ளையின் கை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

ஏஆர் என்பது ஆக்மென்டட் ரியாலிட்டியின் சுருக்கம். தமிழில் மிகை மெய்ம்மை என்று எழுதுகிறார்கள். கண்முன் இருக்கும் நிஜக் காட்சியின் மேல் கணினி வரைந்த ஒன்றைப் பொருத்திக் காட்டுவது, அவ்வளவுதான். 1990-களின் தொடக்கத்தில் போயிங் விமான நிறுவனத்தில் இருந்த டாம் காடெல் என்பவர்தான் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். விமானத்துக்குள் போகும் மின்கம்பிக் கற்றைகளைக் கட்டும் தொழிலாளர்களுக்கு, எந்தக் கம்பி எந்த வழியாகப் போக வேண்டும் என்று கண்ணெதிரே காட்டுவது அங்கே நோக்கமாக இருந்தது. 1997-ல் ரொனால்டு அசுமா என்ற ஆய்வாளர், எதை ஏஆர் என்று சொல்லலாம் என்பதற்கு மூன்று நிபந்தனைகள் வைத்தார். நிஜமும் கணினிப் படமும் ஒரே காட்சியில் கலந்திருக்க வேண்டும். நாம் ஒன்று செய்தால் அந்தக் கணமே அதற்குப் பதில் வர வேண்டும். படம் முப்பரிமாணத்தில் நிஜப் பொருளோடு ஒட்டி நிற்க வேண்டும். அட்டையைத் திருப்பினால் யானையும் திரும்ப வேண்டும்.

விஆர் (விர்ச்சுவல் ரியாலிட்டி) என்ற இன்னொன்றையும் இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். விஆர் கண்ணாடியை மாட்டினால் வெளியுலகம் மறைந்துவிடும். ஏஆரில் மேசையும் அட்டையும் தன் விரல்களும் பிள்ளைக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். எழுத்து பழகும் வயதுக்கு இது பெரிய விஷயம். அசுமாவின் மூன்று நிபந்தனைகளில் எழுத்துக்கூட்டலுக்கு மிக முக்கியம் இரண்டாவதுதான் என்பேன். யானை அழகாக நின்றால் மட்டும் போதாது. பிள்ளை ஓர் எழுத்தை மாற்றினால் அந்தக் கணமே ஏதாவது மாற வேண்டும்.

அட்டை எங்கே இருக்கிறது என்று கைப்பேசிக்கு எப்படித் தெரிகிறது? பழைய வழி, கறுப்புக் கரை போட்ட சதுரம். 1999-ல் ஜப்பானின் ஹிரோகாசு காட்டோ உருவாக்கிய ஏஆர்டூல்கிட் என்ற மென்பொருள் இப்படித்தான் வேலை செய்தது. கேமரா சதுரத்தின் நான்கு மூலைகளைக் கண்டுபிடிக்கும். அந்த மூலைகள் படத்தில் எப்படிச் சாய்ந்து தெரிகின்றன என்பதை வைத்து, அட்டை எவ்வளவு தொலைவில், எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று கணக்கிடும். பிறகு உள்ளே அச்சிட்டிருக்கும் உருவத்தைப் பார்த்து இது எந்த அட்டை என்று முடிவு செய்யும். காட்டோவும் மார்க் பில்லிங்ஹர்ஸ்ட் முதலியோரும் சேர்ந்து 2001-ல் வெளியிட்ட மேஜிக்புக், சாதாரணப் புத்தகத்தின் பக்கத்திலிருந்து கதை எழுந்து நிற்பதைக் காட்டியது. இன்றைய குழந்தைச் செயலிகள் பலவற்றின் மூதாதை அதுதான்.

புதிய வழியில் கறுப்புக் கரை தேவையில்லை. படத்தில் கூர்மையான மூலைகள், சட்டென்று நிறம் மாறும் இடங்கள் ஆகியவற்றைச் செயலி புள்ளிகளாகக் குறித்துக்கொண்டு, அந்தப் புள்ளிக் கூட்டத்தைத் தேடும். இதில் தமிழுக்கு ஒரு சிக்கல் உண்டு. நம் எழுத்துகளில் பல வளைந்தும் சுழித்தும் போகிறவை. வெள்ளை அட்டையில் ஒற்றை 'ல' மட்டும் இருந்தால் கேமரா பிடித்துக்கொள்ள மூலைகள் குறைவு. படம் நடுங்கும் அல்லது வரவே வராது. அதனால்தான் அட்டை தயாரிப்பவர்கள் பின்னணியில் இலை, பூ, கட்டம் என்று நிரப்பிவிடுகிறார்கள். லேமினேட் செய்த அட்டையில் டியூப்லைட் வெளிச்சம் பட்டுப் பளபளத்தாலும் இதே தொல்லைதான். பளபளப்பில்லாத மேட் லேமினேஷன் போடச் சொன்னால் பெருமளவு சரியாகிவிடும்.

அந்தப் பின்னணிப் படங்கள்தான் பாடத்தைக் கெடுப்பவையும். 1984-ல் பாட்ரிசியா மேசன்ஹைமர், பிரிசில்லா டிரம், லின்னியா எரி என்ற மூன்று ஆய்வாளர்கள் பள்ளி வயதுக்கு முந்தைய பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். பெப்சி போன்ற விளம்பரப் பெயர்களைப் பார்த்ததும் சொல்லிவிடும் பிள்ளைகள் அவர்கள். பெப்சியின் முதல் எழுத்தை எடுத்துவிட்டு எக்ஸ் போட்டு, நிறமும் வடிவமும் அப்படியே இருக்கக் காட்டினார்கள். படிக்கத் தெரியாத பிள்ளைகளில் பெரும்பாலோர் அப்போதும் பெப்சி என்றே சொன்னார்கள். அவர்கள் எழுத்தைப் படிக்கவில்லை. நிறத்தையும் படத்தையும் படித்திருந்தார்கள். பச்சை இலைப் பின்னணியில் இருக்கும் அட்டை யானை, நீலப் பின்னணி மீன் என்று பிள்ளை பழகிக்கொண்டால், எழுத்தைத் தொடாமலே முழுப் பெட்டியையும் அது 'படித்து' முடித்துவிடும். ஏஆர் அட்டை வாங்கப் போகிறவர்கள் இந்தச் சோதனையைக் கட்டாயம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லா அட்டையிலும் பின்னணி ஒரே மாதிரி இருக்கிறதா, எழுத்து மட்டும்தான் மாறுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எழுத்துக்கூட்டல் என்பது எழுத்தை அடையாளம் காண்பதைவிட ஒரு படி மேல். சொல்லைக் காதால் கேட்டு, அதை ஒலிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய எழுத்தை நினைவிலிருந்து எடுத்து, வரிசையாக வைக்க வேண்டும். இத்தனையும் ஒருசேர நடக்கும்போது பென்சிலையும் பிடித்து எழுது என்றால் நாலு வயதுக் கை திணறும். 1907-ல் ரோமில் முதல் பள்ளியைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி இதற்கு ஒரு வழி கண்டார். வெட்டியெடுத்த எழுத்துகளைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். பிள்ளைகள் எழுதும் முன்பே அவற்றை அடுக்கிச் சொற்களை உண்டாக்கினார்கள். ஏஆரை நல்ல முறையில் பயன்படுத்தினால் அது இந்த நகரும் எழுத்துகளுக்குப் பதில் சொல்லும் ஓர் ஆளைச் சேர்த்துக் கொடுக்கிறது. ஆசிரியர் ஒருவர் முப்பது பிள்ளைகளுக்கு நடுவே நிற்கும்போது, ஒவ்வொரு பிள்ளையும் அட்டை வைத்த அந்த நொடியிலேயே போய் நின்று பார்க்க அவரால் முடியாது.

எழுத்து மாறும்போது படம் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பார்ப்போம். என் அக்கா மகளுக்காக ஏஆர்.ஜேஎஸ் என்ற இலவசக் கருவியை வைத்து ஒரு சிறு பக்கம் செய்து கொடுத்திருக்கிறேன். உலாவியிலேயே ஓடும், செயலி நிறுவ வேண்டியதில்லை. அதில் பு, லி, ளி என்று மூன்றே அட்டைகள். பு மட்டும் வைத்தால் ஒன்றும் நடக்காது. பக்கத்தில் லி வைத்தால் புலி வந்து உட்காரும். லி-யை எடுத்துவிட்டு ளி வைத்தால் புலி மறைந்து புளியம்பழக் கொத்து வரும்.

"சித்தி, புலி எங்க போச்சு?"

"நீதானே மாத்தின. எதை மாத்தினேன்னு பாரு."

லி-யையும் ளி-யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தடவிப் பார்த்தாள். "இது மேல போவுது. இது கீழ வருது" என்றாள். ல-வின் கடைசிக் கோடு மேலே ஏறுவதும் ள-வில் அது கீழே இறங்குவதும் அவளாகக் கண்டது. பிறகு அவளே வாய்விட்டு 'புலி, புளி' என்று மாற்றி மாற்றிச் சொல்லி, நாக்கு எங்கே மடிகிறது என்று சோதித்துக்கொண்டாள். படம் இங்கே பரிசாக வரவில்லை. எழுத்து மாறினால் பொருள் மாறும் என்பதற்குச் சாட்சியாக வந்தது. பல்லியும் பள்ளியும், தோலும் தோளும், பனியும் பணியும் இப்படிச் செய்யத் தோதான இணைகள். ரெண்டு சுழி ன, மூணு சுழி ண என்று மனப்பாடம் செய்யவைப்பதைவிட இது ஆழமாகப் பதியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கரி, கறி இணைக்கு வந்தால் படத்தின் மதிப்பு இன்னும் கூடும். லகர ளகரத்தைக் காது ஓரளவு பிரித்துக் காட்டிவிடும். ஆனால் இன்றைய பேச்சில் ரகரமும் றகரமும் பெரும்பாலான ஊர்களில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. எத்தனை முறை ஒலியைக் கேட்டாலும் பிள்ளைக்கு எந்த ர என்று தெரியப் போவதில்லை. அப்போது பொருள்தான் எழுத்தைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அடுப்புக்கரி வந்தால் ர, கறிக்குழம்பு வந்தால் ற. அரையும் அறையும், இரையும் இறையும் இதே வகை. ஆனால் இறை போன்ற சொற்களைப் படமாகக் காட்டுவது கடினம் என்பதால், கையால் தொட முடிகிற பொருள்களாகவே தேர்ந்தெடுங்கள்.

இதை வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. கறுப்புக் கரை அட்டையின் உள்ளே இருக்கும் உருவத்தை இவ்வகை மென்பொருள் வழக்கமாகப் பக்கத்துக்குப் பதினாறு கட்டங்களாகச் சுருக்கித்தான் ஒப்பிடும். அந்தச் சிறு கட்டத்துக்குள் லி, ளி இரண்டும் கருவிக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியலாம். அதற்காக ஒன்றில் நட்சத்திரமும் மற்றொன்றில் நிலாவும் போட்டால், பிள்ளை நட்சத்திரத்தை வைத்தே புலியைக் கண்டுபிடித்துவிடும், பெப்சி கதைதான். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும் கறுப்பு வெள்ளைக் கட்டக்குறிகள் கருவியில் உண்டு. அவற்றைச் சிறிதாக ஓரத்தில் அச்சிட்டு, எழுத்தைப் பெரிதாக நடுவில் போடுவது நல்லது.

தமிழில் இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. க் என்று ஓர் அட்டை, ஒ என்று ஓர் அட்டை. இரண்டையும் நெருக்கி வைத்தால் அவற்றின் மேல் திரையில் 'கொ' உருவாகும். விலக்கினால் பிரிந்துவிடும். காகிதத்தில் இதைச் செய்யவே முடியாது. கரும்பலகையில் ஆசிரியர் எழுதி அழித்து எழுதி அழித்துக் காட்ட வேண்டும். 247 எழுத்துகளையும் தனித்தனி உருவமாக நினைத்து மலைக்கும் பிள்ளைக்கு, 12 உயிரும் 18 மெய்யும் சேர்ந்துதான் 216 உயிர்மெய் வருகின்றன என்பது கைப்பட விளங்கும் இடம் இது. கொ, கோ, கெ, கே எழுத்துகளில் பிள்ளைகள் தடுமாறுவதற்கும் காரணம் உண்டு. ஒலிக்கும்போது க் முதலில் வருகிறது. எழுதும்போது கொம்பை முதலில் போட வேண்டியிருக்கிறது. கொம்பு இடப்பக்கம் போய் உட்காருவதை அசைத்துக் காட்டினால் அந்த முடிச்சு அவிழும்.

செயலி செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருள்கள் பலவற்றில் தமிழ் எழுத்தை முறையாகக் கோக்கும் வசதி இயல்பாக இருப்பதில்லை. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். புள்ளிகளால் ஆன வெற்று வட்டம் ஒன்று தனியாகத் தெரியும். எழுத்து பழகும் பிள்ளையின் முன் அப்படி ஓர் உருவம் வரவே கூடாது. எழுத்துகளைப் படமாகவோ முப்பரிமாண வடிவமாகவோ முன்கூட்டியே செய்து வைத்துவிட வேண்டும். ஒலியைத் தனி எழுத்தோடு ஒட்டாமல் சொல்லோடு ஒட்டுங்கள். கடலில் வரும் க வேறு, தங்கத்தில் வரும் க வேறு, பகலில் வருவது வேறு.

ஆங்கில ஸ்பெல்லிங்குக்கு வந்தால் அங்கே 26 எழுத்துக்கு ஏறத்தாழ 44 ஒலிகள். 'கிட்' என்ற சொல்லின் கடைசியில் ஓர் 'ஈ' சேர்த்தால் அது 'கைட்' ஆகிவிடும். அந்த ஒற்றை அட்டையை வைத்ததும் பட்டம் பறந்தால் விதி தானாக மனத்தில் நிற்கும். கையால் எழுத்து அடுக்கும் முறையை நன்றாகச் செய்த ஒரு தயாரிப்பு 2014-ல் வந்த ஆஸ்மோ. கூகுளில் வேலை பார்த்த பிரமோத் சர்மாவும் ஜெரோம் ஷோலரும் தொடங்கிய நிறுவனம் அது. 2019-ல் பைஜூஸ் அதை 12 கோடி டாலருக்கு வாங்கியது. டேப்லெட்டின் முன் கேமராவில் ஒரு சின்னக் கண்ணாடியை மாட்டுவார்கள். அது பார்வையைக் கீழே மேசைப் பக்கம் திருப்பும். பிள்ளை மேசையில் எழுத்துச் சில்லுகளைத் தள்ளும். திரை அதைப் படித்துப் பதில் சொல்லும். மேசையின் மேல் படம் எதுவும் நிற்பதில்லை என்பதால் அசுமாவின் அளவுகோலில் இது முழு ஏஆர் அல்ல. ஆனாலும் எழுத்துக்கூட்டல் பழக, குதிக்கும் யானை அட்டைகளைவிட இதுவே மேல் என்பேன். இரண்டு கையும் வேலை செய்கின்றன, கண் எழுத்தில் இருக்கிறது.

இரண்டு கை என்றதும் வீட்டு ஏற்பாடு நினைவுக்கு வருகிறது. பிள்ளை ஒரு கையில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அட்டை அடுக்க முடியாது. நீங்கள் பிடித்தாலும் கை ஆடும். ஒரு ஸ்டாண்டில் மாட்டுங்கள்; இல்லாவிட்டால் அலமாரித் தட்டின் விளிம்பில் கேமரா மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி படுக்கவைத்து, மேலே ஒரு கனமான புத்தகத்தை வைத்து, திரையை டிவியில் காட்டலாம். செல்ஃபி கேமராவைத் தவிர்த்துவிடுங்கள். அது இடம் வலம் மாற்றிக் காட்டும். ஆங்கிலத்தில் 'பி'யையும் 'டி'யையும் திருப்பிப் போடும் வயதில் திரையும் திருப்பிக் காட்டினால் குழப்பம் இரட்டிப்பாகும்.

விலை உயர்ந்த கைப்பேசி வேண்டுமா என்று கேட்பார்கள். தரையையும் மேசையையும் தானே அறிந்து பொருளை நிறுத்தும் வகைக்கு, ஆண்ட்ராய்டில் கூகுளின் ஏஆர்கோர் வேண்டும். அது கூகுள் ஒப்புதல் கொடுத்த மாடல்களில்தான் ஓடும். அட்டையைப் பார்த்து வேலை செய்யும் வகைக்குக் கேமரா ஒழுங்காக இருந்தால் போதும். எழுத்துக்கூட்டலுக்கு அட்டை வகையே தேவை என்பதால் பழைய கைப்பேசியே பெரும்பாலும் ஒத்துழைக்கும். கேமரா அனுமதி கேட்கும் செயலி இணையம் இல்லாமலும் ஓடுகிறதா என்று விமானப் பயன்முறையில் போட்டுப் பாருங்கள். ஓடினால் பிள்ளையின் முகமும் வீடும் எங்கும் போகவில்லை என்று ஓரளவு நிம்மதியாக இருக்கலாம்.

நேரத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், இரண்டு முதல் ஐந்து வயது வரை பெரியவர் கூட இருக்க நாளுக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். அந்த ஒரு மணிக்குள் டிவியும் கார்ட்டூனும் அடக்கம் என்பதால், ஏஆர் அட்டைக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் தாராளம்.

பத்து நிமிடத்திலும் படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். முதல் சில நாள் சொல் சரியாக அமைந்ததும் படம் வரட்டும். பிறகு படத்தை நிறுத்திவிட்டு, பிள்ளை அடுக்கியதை அடுக்கியபடியே வாசிக்கும் ஒலி மட்டும் இருக்கட்டும். 'மரம்' என்று அடுக்க நினைத்து 'மம்ர' என்று வைத்தால் 'தப்பு' என்று மணி அடிக்கும் செயலியைவிட, 'மம்ர' என்றே வாசித்துக் காட்டும் செயலி உயர்ந்தது. பிள்ளை சிரித்துவிட்டுத் தானே மாற்றும். அடுத்து கைப்பேசியை எடுத்துவிட்டு வெறும் அட்டைகள். அதற்கடுத்து சிலேட்டு. சொல்லைச் சொல்லுங்கள், எழுதட்டும். கறி கேட்டு கரி எழுதினால், அட்டைப் பெட்டியைத் திறந்து பிள்ளையிடமே கொடுத்து இரண்டையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.